உங்களுக்குத் தெரியுமா? திண்ணை முதல் திறன்பேசி வரை

எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு படிக்கிற பையன் ஒருவனின் அம்மா போன மாதம் என்னை நிறுத்திக் கேட்டார்: "கிளாஸ்ல உட்கார்ந்து கேட்கிறதை விட போன்ல வீடியோ பார்த்தா நல்லாப் புரியுதுங்கிறான் சார். அப்புறம் எதுக்கு இந்த ஸ்கூல், டியூஷன்னு இவ்வளவு அலைச்சல்?" நியாயமான கேள்வி. நின்ற இடத்தில் பதில் சொல்ல வரவில்லை. அதற்காகத் தேடிச் சேர்த்தவைதான் இந்த வாரத் துணுக்குகள்.

ஸ்காட்லாந்தில் ஒரு மெட்ராஸ்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது. 1833-இல் தொடங்கியது. பெயருக்குக் காரணம் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். இவர் 1789 முதல் சென்னை எழும்பூரில், ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான காப்பகப் பள்ளியை நடத்திவந்தார். இருந்த ஆசிரியர்களை வைத்து வேலை நடக்கவில்லை. ஒருநாள் குதிரையில் போகும் வழியில், நம் ஊர்ப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். எழுத்து தெரிந்த பையனை விட்டுத் தெரியாத பையனுக்குச் சொல்லித்தர வைத்தார். 1797-இல் லண்டனில் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்து முழுக்கப் பரவியது.

மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித்தருவது நம் திண்ணைப் பள்ளிகளில் அதற்கு முன்பே இருந்த வழக்கம். அந்த மூத்தவனுக்குச் 'சட்டாம்பிள்ளை' என்று பெயர். இன்று யாராவது அதிகாரம் செய்தால் 'பெரிய சட்டாம்பிள்ளை' என்கிறோமே, அந்தச் சொல் வகுப்பிலிருந்து வந்ததுதான்.

மன்றோ எடுத்த கணக்கு

சென்னை மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் உள்ளன என்று 1822-இல் ஆளுநர் தாமஸ் மன்றோ கணக்கெடுக்கச் சொன்னார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் வருகிறார்கள். இதைவிட என்னை நிறுத்தியது இன்னொரு தகவல்: சென்னை நகரத்தில் பள்ளிக்குப் போனவர்களைப் போலச் சுமார் 5 மடங்குப் பிள்ளைகள் வீட்டிலேயே படித்ததாக அறிக்கை வந்திருந்தது. மன்றோவே அந்த எண்ணைச் சந்தேகத்தோடுதான் எழுதினார். அதைக் குறைத்துக்கொண்டாலும், வீட்டில் படிப்பது அன்றைக்கு விநோதமான காரியமாக இருக்கவில்லை என்பது தெரிகிறது.

இதே கணக்கில் பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் ஏறவே இடமில்லை. பழைய முறையின் நல்லதை எடுத்துச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். யாரும் வந்து உட்காரலாம் என்று கதவைத் திறந்துவைத்த பொதுப் பள்ளிக்கூடத்துக்கு ஈடாக வேறெந்தக் கல்விமுறையும் எனக்குத் தெரியவில்லை.

ராத்திரிக்கு ஒரு பூ

திண்ணைப் பள்ளியில் சாயங்காலம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது, ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஒரு ஊரின் பெயர் என்று வாத்தியார் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் வந்ததும் அதை ஒப்பிக்க வேண்டும். ஏட்டில் எழுதிவைத்துக்கொள்ளும் பேச்சில்லை. உ.வே.சாமிநாதையர் தன் வாழ்க்கை வரலாற்றில் இளவயதுப் பள்ளியைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இந்த வழக்கமும் வருகிறது.

இப்போது பாருங்கள். 1885-இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே அளந்தார். ஒரே நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மறந்துபோவதற்கு முன் திரும்ப நினைத்துப் பார்த்தால் தங்குகிறது. ராத்திரி தூங்கி எழுந்து, காலையில் வாத்தியார் முன்னால் நின்று 'செண்பகம்' என்று சொன்ன பையனுக்கும் அதுதான் நடந்தது.

நாலு தடவை படித்தவரும் ஒரு தடவை படித்தவரும்

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை இது. கல்லூரி மாணவர்கள் சிலர் ஒரு பாடத்தை 4 முறை படித்தார்கள். வேறு சிலர் ஒரே முறை படித்துவிட்டு, மூடிவைத்து, நினைவில் இருப்பதை 3 முறை எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தால் நாலு முறை படித்தவர்கள் முன்னே நின்றார்கள்: 83-க்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். நாலு முறை படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது. மூடிவைத்து எழுதியவர்களுக்கு 61.

இதைப் படித்த பிறகு அந்தப் பத்தாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டேன். ஒளிவிலகல் பற்றிய வீடியோ ஒன்றை அவனுக்குப் பிடித்த சேனலில் பார்த்து முடித்திருந்தான். போனைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தைக் கொடுத்து, "கண்ணாடிக்குள்ள போற கதிர் எந்தப் பக்கம் வளையும்? வரைஞ்சு காட்டு" என்றேன். கோடு போட்டான். செங்குத்துக் கோட்டை விட்டு விலகிப் போகிற மாதிரி வரைந்தான். நிறுத்தி யோசித்தான். "பார்க்கும்போது புரிஞ்சுது சார்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. பார்க்கும்போது புரிந்ததுதான். அழித்து, கோட்டை நோக்கி வளைத்து இரண்டாவது முறை வரைந்தபோது, ஏன் அப்படி வளைகிறது என்று அவனாகவே கேட்டான். வீடியோ ஓடிய பன்னிரண்டு நிமிடத்தில் அந்தக் கேள்வி அவனுக்கு எழவில்லை.

கேட்டுக்கொண்டே இருந்தால்

வீடியோவை மட்டும் குறை சொல்வது சரியில்லை. ஆசிரியர் நின்று பேச, மாணவர் உட்கார்ந்து கேட்கும் வகுப்பிலும் இதே சங்கடம் உண்டு. கல்லூரி அளவில் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2014-இல் வந்தது. வெறும் விரிவுரை நடந்த வகுப்புகளில் தோற்றவர்கள் சுமார் 34 சதவீதம். இடையிடையே கணக்குப் போடவும் பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கவும் வைத்த வகுப்புகளில் சுமார் 22 சதவீதம். அதே கட்டடம், அதே பெஞ்சுதான்.

இதற்கு அடுத்த செய்தி இன்னும் முக்கியமானது. 2019-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்பில் இரண்டு முறையையும் ஒப்பிட்டார்கள். தாங்களே போட்டுப் பார்த்துத் திணறிய மாணவர்கள்தான் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் 'எவ்வளவு கற்றதாக நினைக்கிறீர்கள்' என்று கேட்டபோது, சரளமான விரிவுரையைக் கேட்டவர்களே 'நிறையக் கற்றோம்' என்றார்கள். தெளிவாகப் பேசுகிறவரைக் கேட்கும்போது அவருடைய தெளிவு நமக்கும் வந்துவிட்டதாகத் தோன்றிவிடுகிறது. பிள்ளை 'கஷ்டமா இருக்கு' என்று சொன்னவுடன் ஆசிரியர் சரியில்லை என்று முடிவு கட்டும் பெற்றோரிடம் இந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

'நான் பார்த்துக் கற்பவன்'

சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள், சிலர் செய்து கற்பவர்கள் என்று பிரித்து, அவரவர்க்கு ஏற்றபடி பாடம் நடத்தினால் நன்றாகப் படிப்பார்கள் என்பது பரவலான நம்பிக்கை. அப்படிப் பிரித்து நடத்தியதால் பலன் கிடைத்தது என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று 2008-இல் நான்கு உளவியலாளர்கள் ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்கள். விருப்பம் வேறு, கற்கும் திறன் வேறு.

ஒருவருக்கு ஒருவர்

தனியாக ஒரு ஆசிரியரிடம் படித்த சராசரி மாணவன், வழக்கமான வகுப்பில் படித்த 100 பேரில் 98 பேரை விட மேலே நின்றான் என்று 1984-இல் பெஞ்சமின் புளூம் எழுதினார். கல்வியுலகில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் முடிவு இது. பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் இந்த அளவு இல்லை. 2011-இல் வந்த ஒரு தொகுப்பில் புளூம் சொன்னதில் பாதிக்கும் குறைவுதான். அந்தப் பாதியே பெரிய பலன். தவறு செய்த நிமிடத்திலேயே அதைக் கண்டு திருத்த ஒரு ஆள் பக்கத்தில் இருக்கிறார். 60 பேர் உட்காரும் டியூஷன் ஹாலில் இது நடக்குமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் யோசிக்கலாம்.

முன்சீப் கேட்ட கேள்வி

உ.வே.சா. 1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். 1876-இல் ஆசிரியர் இறக்கும்வரை கூடவே இருந்தார். ஆசிரியர் செய்யுள் இயற்றிச் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதுவார்; அவரோடு ஊர் ஊராகப் போவார். அன்றைய தமிழ்நாட்டில் இதைவிட நெருக்கமான தமிழ்க் கல்வி கிடைத்திருக்காது.

1880-இல் கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்தபோது, அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று உ.வே.சா. அடுக்கினார். முதலியாருக்கு அது போதவில்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்றார். உ.வே.சா. அந்த நூலைப் பார்த்ததுகூட இல்லை. ஆசிரியரின் பாடத்திட்டத்தில் அது இல்லாதபோது மாணவன் மட்டும் எங்கிருந்து படிப்பான்? பிரதி தேடி, சமண அன்பர்களிடம் போய் ஐயம் கேட்டு, ஏடு ஏடாக ஒப்பிட்டு 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார்.

எத்தனை நல்ல குருவானாலும் அவருக்குத் தெரிந்ததோடு குருகுலம் நின்றுவிடும். அதைத் தாண்டிப் போக வெளியிலிருந்து ஒருவர் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் தாண்டிப் போவதற்கான பலம், அந்த ஐந்து ஆண்டுகள் ஒருவர் அருகில் உட்கார்ந்து படித்ததில் வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

டியூஷன் வாத்தியாரின் புத்தகம்

கணித மேதை ராமானுஜனின் கையில் 1903-இல் கிடைத்த புத்தகத்தை எழுதிய ஜி.எஸ்.கார் பெரிய கணித அறிஞர் அல்ல. லண்டனில் மாணவர்களைக் கேம்பிரிட்ஜ் தேர்வுக்குத் தயார்செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். ஆயிரக்கணக்கான கணித முடிவுகளை நிரல்படுத்திய தொகுப்பு அது. நிரூபணங்கள் பெரும்பாலும் கிடையாது. இருக்கும் இடத்திலும் ஒரு சிறு குறிப்புதான். அதனால் ஒவ்வொன்றையும் ராமானுஜன் தானே போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. காகிதத்துக்குக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார்.

கணக்கிலேயே மூழ்கியதால் மற்றப் பாடங்களில் தோற்று, கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 'பள்ளிப் படிப்பு எதற்கு, ராமானுஜன் படித்தாரா' என்று கேட்பவர்கள் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 1914-இல் அவர் கேம்பிரிட்ஜ் போனபோது, நிரூபணம் என்றால் என்ன என்பதிலேயே அவருக்குத் தெளிவு போதாததை அங்கிருந்த கணித அறிஞர் ஹார்டி கண்டார். நவீன கணிதத்தில் பல பகுதிகள் ராமானுஜனை எட்டவே இல்லை. ஒழுங்காகச் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தரப் போய் அவருடைய தன்னம்பிக்கையைக் கெடுத்துவிடவும் கூடாது. ஹார்டியும் அவருடைய சகா லிட்டில்வுட்டும் இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்தார்கள். 1918-இல் ராமானுஜன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

ஏழாம் வகுப்புப் பேராசிரியர்

இடைசெவல் எழுத்தாளர் கி.ராஜநாராயணனின் பள்ளிப் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. கரிசல் காட்டு மக்களின் பேச்சையும் கதைகளையும் காதால் கேட்டே கற்றவர். வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்தார். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரை அழைத்து நாட்டுப்புற இயல் பேராசிரியராக உட்கார வைத்தது. ஒரு பல்கலைக்கழகம் தன் கதவை இப்படித் திறந்தது அபூர்வம். இன்னும் நிறையக் கதவுகள் இப்படித் திறக்க வேண்டும்.

காளிக்குப்பத்துக் கணினி

1999-இல் டெல்லி கால்காஜியில் சுகதா மித்ரா என்ற ஆய்வாளர் தன் அலுவலகச் சுவரில் துளைபோட்டு, தெருப் பக்கம் பார்த்தபடி ஒரு கணினியை வைத்தார். குடிசைப் பகுதிப் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே அதை இயக்கக் கற்றார்கள். இந்தக் கதை பலருக்குத் தெரியும். அதன் தொடர்ச்சி நம் பக்கத்தில் நடந்தது.

புதுச்சேரிப் பகுதியின் காளிக்குப்பத்தில், தமிழ் மட்டுமே தெரிந்த பிள்ளைகளுக்கு உயிரித்தொழில்நுட்பப் பாடத்தை ஆங்கிலத்தில் கணினியில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். மித்ராவின் கணக்குப்படி, பிள்ளைகள் தாங்களாகவே சுமார் 30 மதிப்பெண் வரை வந்தார்கள். அதற்கு மேல் நகரவில்லை. அப்புறம் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒரு இளம்பெண்ணை உடன் இருக்கச் சொன்னார்கள். அவருக்கும் அந்தப் பாடம் தெரியாது. பின்னால் நின்று, 'அட, இது எப்படிக் கண்டுபிடிச்சே? இன்னொரு தடவை காட்டு' என்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. மதிப்பெண் 50-ஐ எட்டியது. பேரப்பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டும் பாட்டிகள் அத்தனை பேரும் இந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

1,54,763 பேரில் தேறியவர்கள்

2012-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் மின்சுற்றுப் பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்தது. பெயர் பதிந்தவர்கள் 1,54,763. தேறியவர்கள் 7,157. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்றாலும், இடைவெளி பெரிது.

முழு மதிப்பெண் வாங்கியவர்களில் மங்கோலியாவைச் சேர்ந்த 15 வயதுப் பையனும் ஒருவன். உலகம் முழுக்கச் செய்தியானான். செய்தியின் கீழ்ப்பகுதியில் வந்த இன்னொரு தகவலைப் பலர் கவனிக்கவில்லை: அவனுடைய தலைமை ஆசிரியரே எம்.ஐ.டி.-யில் படித்தவர். மாணவர்களை அந்தப் படிப்பில் சேரச் சொன்னதும், செய்முறை சொல்லித்தர ஆளை வரவழைத்ததும் அவர்தான்.

சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பில் பாடம் வீடியோவில் வருகிறது. ஒப்படைப்பு வாராவாரம் உண்டு. தேர்வை மட்டும் மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும்.

'கரஸ்'ல படிச்சேன்

இந்தியாவில் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பை முதலில் தொடங்கியது டெல்லிப் பல்கலைக்கழகம், 1962-இல். மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும் தொடங்கின. 'கரஸ்' என்று சுருக்கிச் சொல்வதில் ஒரு குறைவு தொனிக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை. நடத்துநர் வேலை முடிந்து வந்து டெப்போவில் உட்கார்ந்து பாடக்கட்டைப் பிரித்தவர்களும், கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு பி.ஏ. வரலாறு எழுதிய பெண்களும் வாங்கிய பட்டம் அது. ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்புக்கு அவர்கள் எவ்வளவு ஆசையோடு வருவார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பாடம் தபாலில் வந்துவிடும். சந்தேகம் கேட்க ஒரு முகம் அங்கேதான் கிடைக்கும்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்

வகுப்பறையா, சுயபடிப்பா என்று பிரிக்கவே முடியாத ஓர் இடம் தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களின் மாடிகளில் இருந்தது. சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. கோடை விடுமுறையில் நானும் போனேன். காலை 7 மணி 'ஹவர்'. ஹால்டா, ஃபேசிட், ரெமிங்டன் என்று வரிசையாக மெஷின்கள். முதல் பாடம் எல்லோருக்கும் ஒன்றே: இடது கைக்கு ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். ஒரு பக்கம் முழுக்க அதே. சுண்டுவிரலுக்குப் பலம் போதாமல் 'ஏ' மட்டும் மங்கலாக விழும். ஒரு வரி முடியும்போது மணி அடிக்கும். தள்ளிவிட்டு அடுத்த வரி.

ஒரே அறையில் இருபது பேர், இருபது பாடத்தில். ஒருவர் லோயருக்கு, ஒருவர் ஹையருக்கு, ஒருவர் தமிழுக்கு. மாஸ்டர் பேசுவதே அபூர்வம். பின்னால் நடந்து வருவார். கீ-போர்டைப் பார்த்தால் தோளில் விரல் படும். தாளை உருவி, பிழைகளைச் சிவப்பில் வட்டமிட்டு, மெஷின் மேல் வைத்துவிட்டுப் போவார். அதே பாடத்தை மறுபடி அடிக்க வேண்டும். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. அளவு கண்ணெதிரே இருந்ததால் தேறினோமா இல்லையா என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. பள்ளியில் ஆறு பாடம் எடுத்த ஆசிரியர்களுக்குத் தெரியாத என் பலவீனம் ஒன்று அந்த மாஸ்டருக்கு இரண்டே வாரத்தில் தெரிந்துவிட்டது: இடது மோதிரவிரல்.

வேலையும் பாடமும்

ஜெர்மனியில் 300-க்கும் மேற்பட்ட தொழில்களுக்கு, வாரத்தில் மூன்று நான்கு நாள் பட்டறையிலும் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியிலும் என்று மாற்றி மாற்றிப் படிக்கிறார்கள். 2 முதல் 3½ ஆண்டு. பயிற்சிக் காலத்தில் நிறுவனம் ஊதியம் தருகிறது.

கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் 'சாண்ட்விச்' பி.இ. படிப்பும் இதே எண்ணத்தில் வந்தது. தொழிற்சாலைப் பயிற்சி கலந்திருப்பதால் நான்கு ஆண்டுக்குப் பதில் ஐந்து ஆண்டு.

ஓலையில் அளவு

சுவாமிமலையில் ஐம்பொன் சிலைக்கு மெழுகு உருவம் பிடிக்கும் முன் ஒரு தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கிக்கொள்கிறார்கள். அதை மடித்து மடித்து முகம், கழுத்து, மார்பு என்று அளவு குறிக்கிறார்கள். 'ஒடியோலை' என்று பெயர். அளவு சூத்திரத்தில் இருக்கிறது. மடிப்பு எங்கே விழ வேண்டும் என்பது அப்பா கையைப் பிள்ளை பார்த்துப் பார்த்து வருவது.

இந்தக் கலையை வகுப்பறைக்குக் கொண்டுவந்த முயற்சியும் உண்டு. 1957-இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியது. வைத்தியநாத ஸ்தபதி தலைமை ஏற்றார். பிறகு அவர் மகன் கணபதி ஸ்தபதி. கன்னியாகுமரியில் 133 அடித் திருவள்ளுவர் சிலையை அமைத்தவர் இவர்தான். ஸ்தபதி குடும்பத்தில் பிறக்காத பிள்ளையும் விண்ணப்பம் போட்டு உளி பிடிக்க முடிந்தது இந்த நிலையத்தால்.

லண்டன் டாக்சிக்காரர்களின் மூளை

லண்டனில் கறுப்பு டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் நகர மையத்தைச் சுற்றி 25,000 தெருக்களை மனதில் ஏற்ற வேண்டும். 320 வழித்தடங்களை மோட்டார் சைக்கிளில் சுற்றிச் சுற்றிப் படிப்பார்கள். அப்புறம் தேர்வாளர் எதிரில் உட்கார்ந்து, இங்கிருந்து அங்கே எப்படிப் போவாய் என்று தெருத்தெருவாக வாயால் சொல்ல வேண்டும். மூன்று நான்கு ஆண்டு ஆகும்.

பயிற்சிக்கு வந்த 79 பேரின் மூளையைத் தொடக்கத்திலும் ஆண்டுகள் கழித்தும் படமெடுத்துப் பார்த்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. தேறியவர்கள் 39 பேர். இட நினைவுக்கான மூளைப் பகுதியின் பின்பாகம் வளர்ந்திருந்தது அவர்களுக்கு மட்டும்தான்.

கணக்கைக் கலந்து கொடுங்கள்

ஒரே பயிற்சியில் ஒரே மாதிரிக் கணக்கு இருபதைப் போடுவதை விட, நாலைந்து பாடத்தின் கணக்குகளைக் கலந்து போடுவது நல்லது. அமெரிக்காவில் 54 ஏழாம் வகுப்புகளில் நடந்த சோதனை 2020-இல் வெளிவந்தது. ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் வைத்த தேர்வில் கலந்து போட்டவர்கள் 61 சதவீதம், வகைவகையாகப் போட்டவர்கள் 38. வீட்டிலேயே செய்யலாம். மூன்று பாடத்திலிருந்து இரண்டிரண்டு கணக்கைக் கிழித்த தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

பாயில் உட்கார்ந்த வகுப்பு

2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷி வேலிப் பள்ளி கிராமப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறையைப் பார்த்துவந்து அமைத்தது. 2007-க்குப் பின் மாநிலம் முழுதும் போனது. பெஞ்சுக்குப் பதில் பாய். பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரோடு கரும்பலகை. பாடம் அட்டைகளாகப் பிரிந்து ஏணிப்படி போல அடுக்கப்பட்டிருந்தது. அவரவர் நின்ற படியிலிருந்து அடுத்த படிக்கு அவரவர் வேகத்தில் ஏறினார்கள். நான்கு நாள் காய்ச்சலில் கிடந்து வந்த பிள்ளை, விட்ட அட்டையிலிருந்தே எடுத்துக்கொண்டது. எனக்கு இந்த முறையில் மிகப் பிடித்தது இதுதான். வழக்கமான வகுப்பில் அந்த நான்கு நாள் பாடம் போனது போனதுதான்.

மூடிய பள்ளியும் திறந்த வாசலும்

கொரோனாவால் தமிழ்நாட்டில் பள்ளிகள் ஏறத்தாழ 18 மாதம் மூடிக்கிடந்தன. கிராமப்புறத்தில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று, இழப்பு மிகப் பெரிது என்று காட்டியது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது.

அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மாலையில் ஒன்றரை மணி நேரம், ஊர்ப் பெண் ஒருவர், கோவில் மண்டபமோ வீட்டு வாசலோ, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. இருநூறு ஆண்டுக்குப் பிறகு திண்ணை திரும்ப வந்தது. இந்த முறை எல்லாப் பிள்ளைகளுக்கும். மிச்ச முக்கால் பங்கில் பெரும்பகுதி பள்ளிக் கதவு திறந்து, ஆசிரியரும் பிள்ளையும் தினமும் நேரில் பார்த்துக்கொண்டதால் வந்திருக்க வேண்டும். என்னை நிறுத்திக் கேட்ட அந்த அம்மாவிடம் இந்தத் துணுக்கை மட்டும் படித்துக் காட்டினேன்.

முன்கம்பி

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுத்தரலாம் என்று ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முடிவெடுத்தார். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று பல்லாயிரம் பெண்கள் மைதானங்களுக்கு வந்தார்கள். கேலி செய்தவர்கள் செய்துகொண்டே இருந்தார்கள். நேற்று கற்ற பெண் இன்று வந்த பெண்ணுக்குச் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

ஊரில் லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்தது. பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். அதுதான் வசதி என்றும் சிலர் சொன்னார்கள். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் ஒரு கம்பி இருக்கிறதே, அதில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம்.